சமதளத்தில் குளிர்ச்சி, ஏற்றத்தில் கொதிப்பு: ஒரு பிக்கப் வண்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி, 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் பொருத்திய பிக்கப். ஓடியிருந்த தூரம் 1,86,000 கி.மீ. உரிமையாளர் அதைப் பழைய வண்டியாக வாங்கி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. வாரத்துக்கு நான்கு நடை. ஒவ்வொரு நடையிலும் ஏறத்தாழ ஒரு டன் சரக்கு. 90 கி.மீ. சமதளச் சாலை, அதன் முடிவில் 11 கி.மீ. ஏற்றம். அந்த ஏற்றத்தில்தான் சிக்கல். ஆறேழு கி.மீ. ஏறியதும் வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினால் சற்று நேரத்தில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பொங்கி வெளியே கொட்டும்.

எங்கள் பட்டறைக்கு வருமுன் வேறோர் இடத்தில் வாட்டர் பம்ப்பையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றியிருந்தார்கள். குறை தீரவில்லை. "அடுத்தது ஹெட் கேஸ்கெட்தான், ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்" என்று அங்கே சொல்லிவிட்டதால், (இன்ஜினின் உடலுக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்) அந்தப் பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் இன்னொருவர் கருத்தையும் கேட்கலாம் என்று எங்களிடம் வந்தார்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். காலையில் ஹீட்டரைப் போட்டால் வெதுவெதுப்பான காற்றுகூட வருவதில்லையாம். டீசலும் கூடுதலாகக் குடிக்கிறதாம். இவற்றை அவர் தனிக் குறைகளாக நினைத்திருந்தார். எனக்கு இதுதான் முதலில் உறைத்தது. கொதித்துப் போகிற இன்ஜினில் ஹீட்டர் ஏன் குளிர்ந்து கிடக்க வேண்டும்?

முதல் நாள் பார்த்தவை

வண்டியை இரவு பட்டறையிலேயே விட்டுப் போகச் சொன்னோம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியில், கூலன்ட் வெப்பநிலையை அளக்கும் சென்சாரை ஸ்கேனர் ஒன்றை மட்டும் வைத்தே சோதித்துவிடலாம். காலையில் சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓடவிடாமல், வண்டியின் கணினி தரும் அளவுகளைக் காட்டும் அந்த ஸ்கேனரைப் பார்த்தோம். கூலன்ட் 31 டிகிரி, உள்ளிழுக்கும் காற்று 31, சுவரில் மாட்டிய வெப்பமானி 32. மூன்றும் ஒத்துப்போயின. சென்சார் பொய் சொல்லவில்லை என்று இதை மட்டும் வைத்து முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பல டிகிரி தள்ளிக் காட்டும் சென்சார் பெரும்பாலும் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

கூலன்டின் நிறம் மங்கிய பழுப்பு. செறிவு பார்க்கும் கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்ததில், ஐந்தில் ஒரு பங்குதான் கூலன்ட், மீதி வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறை பொங்கியபோதும் வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றியதன் விளைவு. எண்ணெய்ப் படலம் இல்லை. இன்ஜின் ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்ததுபோன்ற நிறம் இல்லை. அழுத்தப் பம்ப்பை மாட்டி 1.1 பார் ஏற்றிப் பதினைந்து நிமிடம் விட்டோம், முள் இறங்கவில்லை. புது மூடியும் அதே அழுத்தத்தைத் தாங்கியது.

ஹெட் கேஸ்கெட் பற்றிய கேள்விக்கும் அன்றே விடை தேடினோம். ஆறிய இன்ஜினை ஓடவிட்டு மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தேன். கேஸ்கெட் விட்டிருந்தால், தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகும். இங்கே இறுகவில்லை. இன்ஜினுக்குள் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிவதைக் காட்டும் நீலத் திரவச் சோதனையை இரண்டு முறை செய்தோம், நிறம் மாறவில்லை.

பிறகு சரக்கு இல்லாமல் சமதளத்தில் 25 நிமிடம் ஓட்டினோம். கூலன்ட் வெப்பநிலை 64க்கும் 68க்கும் இடையிலேயே நின்றது. கூலன்ட் சூடேறியதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்துவிடும் அடைப்பான்தான் தெர்மோஸ்டாட்; 82 டிகிரியில் அது திறக்க வேண்டிய இன்ஜின் இது. டாஷ்போர்டு முள் நடுவிலிருந்து சற்றே கீழே, யாரும் கவலைப்படாத இடத்தில் நின்றது. ஸ்கேனரில் பி0128 என்ற பழுதுக் குறியீடும் பதிவாகியிருந்தது. கூலன்ட் தெர்மோஸ்டாட்டின் வெப்பநிலையை எட்டவில்லை என்பது அதன் பொருள். கொதிக்கிறது என்று கொண்டுவந்த வண்டியில், குளிர்ந்து ஓடுகிறது என்ற குறியீடு. முந்தைய பட்டறையில் இதைப் பார்த்தார்களா, பார்த்தும் ஒதுக்கிவிட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. ஒதுக்கியிருந்தால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது: வாடிக்கையாளரின் புகாருக்கு நேர் எதிரான தகவலை 'ஏதோ சென்சார் கோளாறு' என்று தள்ளிவிடவே கை போகும்.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம்

மறுபடி வண்டி ஆறிய பிறகு இளைய மெக்கானிக் தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினார். மூடி எளிதில் வரவில்லை. மரச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. வந்ததும் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்து, "அண்ணா, உள்ளே ஒன்றுமே இல்லை" என்றார். கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சாம்பல் நிற சிலிகான் பசை சுற்றிலும் பிதுங்கிக் கிடந்தது. அதில் பாதி விரல் நீளத்துக்கு ஒரு துணுக்கு உள்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்திருந்தால் அது நேரே ரேடியேட்டர் குழாய்களுக்குள் போய்ச் சிக்கியிருக்கும்.

தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் குளிர்ந்து ஓடுவதில் வியப்பில்லை. ஏற்றத்தில் கொதிப்பதற்கும் அது எப்படிக் காரணமாகும் என்பதுதான் உரிமையாளருக்கு விளங்கவில்லை. "எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், குளிர்ச்சிதானே?" என்றார். தொழிலில் பழுத்த பலரும் நம்புவது இது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு: தண்ணீர் மிக வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைப்பதில்லை என்பார்கள். அதுவும் தவறு. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் கூடுமே தவிரக் குறையாது.

உண்மையான காரணம் இந்த இன்ஜினின் அமைப்பில் இருக்கிறது. இதன் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள். மேல் தட்டு ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடும். கீழ்த் தட்டு, ரேடியேட்டரைத் தொடாமல் பம்ப்புக்கே திரும்பும் பைபாஸ் வழியைக் காக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மேல் வழி அடைபட்டு, பைபாஸ் திறந்திருக்கும். சூடேறச் சூடேற மேல் தட்டு திறக்க, கீழ்த் தட்டு பைபாஸை அடைத்துவிடும். கூலன்ட் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸை அடைக்க ஆள் இல்லை. எவ்வளவு சூடானாலும் ஒரு பகுதி ஆறாமலேயே இன்ஜினுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். சமதளத்தில் வெளிப்படும் வெப்பம் குறைவு என்பதால் மீதிப் பகுதியே போதும். போதும் என்பதைவிட மிகுதி, அதனால்தான் 66 டிகிரி. ஒரு டன்னோடு இரண்டாம் கியரில் ஏறும்போது அந்த மீதி போதாது.

முதல் முடிவு

ஹெட்டை இறக்குவதில்லை என்று முடிவெடுத்தோம். அழுத்தம், ஹோஸ், நீலத் திரவம் ஆகிய மூன்று சோதனைகளும் ஒரே பக்கம் நின்றன.

82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி, பொருத்துமுன் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றிப் பார்த்தோம். அடியைத் தொட்டால் அடுப்பின் சூடு நேரே ஏறிவிடும் என்பதால் நூலில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். 83இல் முடியளவு இடைவெளி தெரிந்தது. 95இல் ஒன்பது மில்லிமீட்டர் திறந்திருந்தது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, உரிய கேஸ்கெட் போட்டு, காற்று வெளியேறும் சின்னத் துளை மேல்நோக்கி இருக்கும்படி பொருத்தினோம். உள்ளே நீர் பாய்ச்சி அலசிவிட்டு, கூலன்டையும் கனிமம் நீக்கிய நீரையும் சம அளவில் கலந்து ஊற்றினோம். முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றினோம்.

சமதளத்தில் அரை மணி நேரம் ஓட்டியதில் வெப்பநிலை 84 முதல் 90 வரை. ஹீட்டரில் கை வைக்க முடியாத சூடு. பழுதுக் குறியீடு திரும்பவில்லை. மனநிறைவோடு வண்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

அது தவறு. புகார் வந்தது ஏற்றத்தில், ஒரு டன் சரக்கோடு. நான் சோதித்தது சமதளத்தில், வெறும் வண்டியோடு.

நான்கு நாள் கழித்து

உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். முதல் இரண்டு நடையும் சரியாகப் போனது. மூன்றாவது நடை கொளுத்தும் மதிய வெயிலில். ஒன்பதாவது கி.மீ. வரை முள் நடுவில் நின்றுவிட்டுத் திடீரென ஏறிவிட்டதாம். இம்முறை நாங்கள் சொன்னபடி ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தாமல் ஓடவிட்டிருக்கிறார். கூலன்ட் கொட்டவில்லை. முன்பெல்லாம் உடனே நிறுத்திவிடுவார். பம்ப் நின்றதும் ஹெட்டில் தேங்கிய சூடு முழுவதும் அங்கேயே கிடக்கும் நீரில் இறங்கி அதைக் கொதிக்கவைத்தது. பொங்கியதற்குப் பாதிக் காரணம் அந்தப் பழக்கம்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தெர்மோஸ்டாட்டை எடுத்தவர் எதற்காக எடுத்தார்? நன்றாக ஓடிய இன்ஜினில் யாரும் அந்த மூடியைத் திறப்பதில்லை. அவருக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு கொதிப்பு இருந்திருக்க வேண்டும். எடுத்ததும் அது குறைந்ததுபோலவும் தெரிந்திருக்கும்: 88 டிகிரியில் ஏற்றத்தைத் தொடங்கும் வண்டி இப்போது 66இல் தொடங்குகிறது. இருபது டிகிரி முன்பணம். சிறிய மேடுகளை அந்த முன்பணத்திலேயே கடந்துவிடலாம். நாங்கள் சரிசெய்தது அவர் உண்டாக்கிய குறையை மட்டும். அவரை அங்கே கொண்டுவந்த குறை அப்படியே இருந்தது.

ஏற்றத்தில் அளந்தவை

மறுநாள் அதே சரக்கோடு, அதே ஏற்றத்தில் நானும் ஏறி உட்கார்ந்தேன். ஸ்கேனர் மடியில். அடிவாரத்தில் 88. மூன்றாவது கி.மீ.யில் 94, ஆறில் 101, எட்டில் 107. 110ஐத் தாண்ட விடுவதில்லை என்று முன்பே பேசியிருந்ததால், 109 வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

அந்தப் பயணத்தில் இரண்டு விஷயங்கள். முதலாவது முள். 78 டிகிரியில் எங்கே நின்றதோ 101இலும் அங்கேயே நின்றது. நடுக்கோட்டை விட்டு மயிரிழையும் அசையவில்லை. 105ஐத் தாண்டியதும் ஒரே மூச்சில் சிவப்பை நோக்கிப் பாய்ந்தது. ஓட்டுநர் தேவையில்லாமல் பதறக் கூடாதென்று இப்படி அமைக்கிறார்கள். 'திடீரென ஏறிவிட்டது' என்று உரிமையாளர் சொன்னதெல்லாம் முள்ளின் கதை. வெப்பநிலை நிதானமாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, கேட்காத சத்தம். இந்த வண்டியின் ஃபேன் இன்ஜினோடு நேராகப் பிணைக்கப்பட்டதல்ல; நடுவில் சிலிகான் எண்ணெய் நிரப்பிய கிளட்ச் இருக்கிறது. ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடேறினால், முன்னால் இருக்கும் உலோகச் சுருள் விரிந்து உள்ளே எண்ணெய்க்கு வழிவிடும். ஃபேன் பிடித்துக்கொண்டு பெரும் இரைச்சலோடு சுழலும். 107 டிகிரியில் அந்த இரைச்சல் காதைத் துளைத்திருக்க வேண்டும். எங்களால் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வர முடிந்தது.

சற்று நேரம் ஓடவிட்டு வெப்பநிலை இறங்கியதும் இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைச் சுண்டிப் பார்த்தேன். சூடான கிளட்ச் கையை எதிர்க்க வேண்டும். ஒரு சுற்றுகூட முழுதாக ஓடக் கூடாது. இது மூன்றரைச் சுற்று தாராளமாக ஓடி நின்றது. கிளட்ச்சின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, சூரியக் கதிர்போல எண்ணெயும் தூசியும் கலந்த கோடுகள். அவற்றைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கியது. முதல் நாள் அதே இடத்தில் இருந்த அழுக்கை, இன்ஜின் ஆயில் தெறித்தது என்று நினைத்துத் துணியால் துடைத்தவனே நான்தான்.

இரண்டாம் சுற்று வேலை

பட்டறையில் ஃபேனைச் சுற்றிய பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி, ரேடியேட்டருக்குப் பின்னால் விளக்கை வைத்து முன்பக்கத்திலிருந்து பார்த்தோம். கீழ் மூன்றில் ஒரு பங்கில் வெளிச்சமே வரவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால், ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரை முன்னே நகர்த்தியபோது, அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் புல்லும் பூச்சிச் சிறகும் புழுதியும் சேர்ந்து கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தது. முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும்; அழுக்கு அதன் முதுகுக்குப் பின்னால்.

இப்போது ஒரு தேர்வு. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கிளட்ச்சையும் மாற்றி, ஒரே நாளில் கொடுத்துவிடலாம். உரிமையாளர் விரும்பியதும் அதுதான். ஆனால் எது எவ்வளவுக்குக் காரணம் என்பது தெரியாமல் போய்விடும். உள்ளே குழாய்களும் அடைபட்டிருந்து, புதுக் கிளட்ச்சின் பலத்தில் அது மறைந்து, இரண்டு மாதம் கழித்து மீண்டும் தலைகாட்டினால்? ஏற்கெனவே ஒருமுறை அவசரப்பட்டவன் நான். அரை நாள் கூடுதலாகக் கேட்டேன். அவர் முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்கவில்லை.

முதலில் சுத்தம் மட்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, தோட்டக் குழாயின் மென்மையான பாய்ச்சலில். வேகமான பீச்சுக்குழல் தகடுகளை மடக்கிவிடும். கிளட்ச்சைத் தொடாமல் அதே ஏற்றத்தில் அதே சரக்கோடு ஓட்டியதில், எட்டாவது கி.மீ.யில் 107க்குப் பதில் 102, உச்சியில் 106. பிறகு புதுக் கிளட்ச். ஐந்தாவது கி.மீ. அருகே, 95 டிகிரியில், பஸ் ஒன்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுபோல இரைச்சல் எழுந்தது. உரிமையாளர் திரும்பிப் பார்த்தார். 92க்கு இறங்கியதும் இரைச்சல் அடங்கியது. ஏறி முடிப்பதற்குள் இப்படி நான்கு முறை. அன்றைய உச்சம் 97.

ரேடியேட்டரின் உட்புற அடைப்பையும் விலக்கிவிட விரும்பினோம். இன்ஜின் சூடாக இருக்கும்போது அகச்சிவப்பு வெப்பமானியால் கட்டம் கட்டமாக அளந்ததில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வெப்பம் சீராகக் குறைந்தது. அடைப்பு இருந்தால் தெரியும் குளிர்ந்த திட்டு எதுவும் இடையில் இல்லை. இந்தக் கருவியைப் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகக் காட்டினால் குறைத்துச் சொல்லும். தெர்மோஸ்டாட் மூடியில் கருப்பு டேப் ஒட்டுமுன் 61 என்றும், ஒட்டியபின் 86 என்றும் காட்டியது. அதே நொடியில் ஸ்கேனரில் 88. ரேடியேட்டரை மாற்றவில்லை. பலமுறை கொதித்ததில் மென்மையாகிவிட்டிருந்த மேல் ஹோஸை மட்டும் மாற்றினோம்.

பின்னர் நடந்தவை

முதல் வாரத்தில் கூலன்ட் மட்டம் அரை சென்டிமீட்டர் இறங்கியது. உள்ளே மிஞ்சியிருந்த காற்று வெளியேறியிருக்க வேண்டும். நிரப்பிய பிறகு இறங்கவில்லை. பல கொதிப்புகளைத் தாங்கிய ஹெட் என்பதால் 1,000 கி.மீ.யிலும் 5,000 கி.மீ.யிலும் நீலத் திரவச் சோதனையைத் திரும்பச் செய்தோம். இரண்டு முறையும் நிறம் மாறவில்லை. ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி ஓடும் தூரம் முன்பைவிட ஒரு கி.மீ.க்குச் சற்று மேல் கூடியிருப்பதாக உரிமையாளர் தன் குறிப்பேட்டைக் காட்டினார். குளிர்ந்து ஓடும் இன்ஜினுக்குக் கணினி கூடுதலாக எரிபொருள் கொடுக்கும் என்பதால் இது நம்பத்தக்கதே. ஸ்கேனரைச் செருகும் அதே துளையில் செருகி, வெப்பநிலையை எண்ணில் காட்டும் சின்னக் கருவி ஒன்றை அவரே வாங்கிப் பொருத்திக்கொண்டார். இப்போது முள்ளைப் பார்ப்பதில்லை.

மூன்று மாதம், 9,000 கி.மீ. ஆகிவிட்டது. அதன் பிறகு 99ஐத் தாண்டியதில்லை என்கிறார்.

முந்தைய பட்டறை மாற்றிய வாட்டர் பம்ப் தேவையாக இருந்ததா என்பதை இனி யாரும் அறிய முடியாது. பழையதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இனி மாற்றிச் செய்பவை

எங்கள் வேலை அட்டையில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'இதற்கு முன் என்ன கழற்றப்பட்டது, ஏன்?' என்ன மாற்றினார்கள் என்று எப்போதும் கேட்போம். கழற்றி எறிந்ததைக் கேட்டதில்லை. உரிமையாளருக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது என்பது உண்மைதான். கேள்வி எங்களுக்காக.

புகார் எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சரக்கேற்ற வசதி இல்லாத நாட்களில், 'ஏற்றத்தில் சோதிக்கப்படவில்லை' என்று ரசீதிலேயே எழுதிவிடுகிறோம். இரண்டு வாடிக்கையாளர்கள் இதற்காகக் கோபித்துக்கொண்டார்கள்.

கசிவின் தடத்தைத் துடைக்குமுன் படம் எடுக்கிறோம். துணியை எடுத்துக்கொண்டு போகிறவர் நானாக இருந்தாலும், "அண்ணா, படம் எடுத்தாயிற்றா?" என்று இளைய மெக்கானிக் கேட்டுவிட்டுத்தான் வழிவிடுகிறார்.